மூன்று கோட்டில் ஒரு பெண்

முதலில் நெவென்காவும்தான் சிரித்தாள்.

ஸாக்ரெப் நகரில், இலித்ஸா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது அந்தக் கார்ட்டூன் ஸ்டுடியோ. ஒரு படம் முடிந்துவிட்டால் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி மாட்டி எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். அன்று திரையில் ஒரு கறுப்பு முக்கோணம் வந்தது. தோள்பக்கம் அகலம், பாதத்தில் கூர்முனை. அதன் மேல் தலையாக ஒரு சின்ன முக்கோணம், தலையிலிருந்து நீட்டிக்கொண்டு மூக்காக இன்னொன்று. அவ்வளவுதான் உடம்பு. பெயர் ஷ்பிட்ஸா. கூர்முனை என்றுதான் அதற்கு அர்த்தமும். ஷ்பிட்ஸா ஒரு உருண்டைப் பையனின் கையிலிருந்த ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள். பையன் அழ, இவள் சிரித்தாள். சிரிக்கும்போது ஒரு கை மேலே போய் வாயைப் பொத்திக்கொண்டது. விரல்கள் விரிந்திருக்க, சுண்டுவிரல் மட்டும் தனியாகத் தூக்கி நின்றது.

கூடம் அதிர்ந்தது. நெவென்காவுக்கும் அடக்க முடியாத சிரிப்பு. அவள் கை தானாக வாய்க்குப் போயிருந்தது. பக்கத்தில் இருந்த தோழி ஸோராதான் அதை முதலில் பார்த்தாள். பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுபோனது. பிறகு முன்வரிசைக்காரன் ஒருவன் திரும்பினான். அவனைப் பார்த்து இன்னொருத்தி. நெவென்காவையும் திரையையும், நெவென்காவையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தார்கள். அதற்கப்புறம் வந்தது இரண்டாவது சிரிப்பு. அது வேறு மாதிரி இருந்தது. நெவென்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

நெவென்கா செவெர் ஸீஸாக் என்ற ஆலை நகரத்தில் பிறந்தவள். அப்பா இரும்பு உருக்காலைத் தொழிலாளி. அவரிடமிருந்து அவளுக்கு வந்தவை உயரமும் அகலத் தோளும். இடுப்பென்று சொல்ல ஒன்றும் கிடையாது. முகம் மோவாயை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். முன்பற்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். பள்ளிக்கூடத்தில் யாரோ அதைச் சொல்லிக் கேலி செய்த நாளிலிருந்து, சிரித்தால் கை வாயை மூடிவிடும். ஆனால் அதே கை ஸ்டுடியோவில் பேர்பெற்றது. ஓவியர்கள் காகிதத்தில் போட்டதை செல்லுலாய்டு தாளில் மையால் பிரதி எடுப்பதுதான் அவள் வேலை. அந்த மை அறையில் பெண்கள் பலர் இருந்தாலும், ஒரு நீளக் கோட்டை வீங்காமல், இளைக்காமல், ஒரே மூச்சில் இழுத்து முடிக்க அவளை விட்டால் ஆளில்லை.

உருவங்களை வடிவமைப்பவன் ராதோவான் லிசாக். காப்பி வேளையில் எவர் எதிரில் உட்கார்ந்தாலும் மேஜைமேல் இருக்கும் காகிதத்தில் அவரை ஒரு வட்டமாகவோ சதுரமாகவோ ஆக்கிவிடுவான். இயக்குநர் ஒரு பெட்டிமேல் இன்னொரு பெட்டி. ஸோரா இரண்டு பந்து.

"ஒரு ஆளை மூணு கோட்டுல சொல்லணும். நாலாவது கோடு போட்டா நீ பயந்துட்டேன்னு அர்த்தம். உருண்டைன்னா குழந்தைக்குப் பிடிக்கும், மடியில ஏறி உக்காரும். சதுரம்னா நம்பும். கூர்மையா ஒண்ணைக் காட்டு, கத்தியப் பார்த்த மாதிரி பின்னாடி போகும். இதுக்கு மேல நம்ம தொழில்ல ரகசியம் ஒண்ணும் கெடையாது" என்பான்.

யாரையும் நோகடிக்க வேண்டுமென்ற எண்ணம் அவனுக்கு இருந்ததில்லை. யாருக்கும் நோகக்கூடும் என்ற எண்ணமும் இருந்ததில்லை.

அந்தப் படம் தயாராகிக்கொண்டிருந்த வசந்தத்தில் அவன் நெவென்காவின் மேஜைக்கு வந்து உட்கார ஆரம்பித்தான். கையில் பென்சிலும் காகிதமும் இருக்கும்.

"கைய எடுக்காத நெவென்கா. அப்படியே சிரி."

"சிரிப்பு வந்தாத்தானே சிரிக்க முடியும்?"

"வரவைக்கிறேன் பாரு."

வரவைத்தான். வேலை முடிந்து டிராம் நிறுத்தம் வரை கூட நடந்தான். ஒரு சனிக்கிழமை ட்கால்ச்சிச்சேவா தெருவில் காப்பி வாங்கிக் கொடுத்துப் பல்லைப் பற்றிக் கேட்டான். அவள் பள்ளிக்கூடக் கதையைச் சொன்னாள். "அப்புறம்?" என்றான். அப்பாவைப் பற்றிச் சொன்னாள். "அப்புறம்?" முப்பத்தொரு வயதுவரை எந்த ஆணும் அவளிடம் இத்தனை அப்புறம் கேட்டதில்லை. அவள் நீலத்தில் ஒரு ரவிக்கை தைத்துக்கொண்டாள்.

ஸோரா மட்டும் முகத்தைச் சுளித்தாள். "அவன் உன்னைப் பாக்குறானாடீ, இல்ல உன் ஓரக்கோட்டைப் பாக்குறானா?"

"உனக்கு வயித்தெரிச்சல்."

"எனக்கா? ரெண்டு பந்துக்கு எதுக்குடீ வயித்தெரிச்சல்?"

அந்தப் படத்தில் மேல்மாடிப் பெண்களுக்கு உருண்டைப் பையனின் தாள்கள் மட்டுமே வந்தன. ஷ்பிட்ஸாவின் தாள்கள் ஸ்டுடியோவின் இன்னொரு மை அறை இருந்த கீழ்மாடிக்குப் போயிருந்தன. கீழ்மாடியில் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. எதிர்பாராமல் பார்த்தால்தானே வேடிக்கை.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் ராதோவான் நேராக அவளிடம் வந்தான். முகமெல்லாம் மலர்ச்சி.

"எப்படி? கை சரியா வந்திருக்கா?"

ஏதாவது சொல்லியாக வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சுண்டுவிரல் கொஞ்சம் அதிகமாத் தூக்கியிருக்கு" என்றாள்.

"அட ஆமா! அடுத்ததுல சரி பண்ணிடறேன்."

அவன் அதற்கப்புறம் அவளோடு டிராம் நிறுத்தத்துக்கு நடக்கவில்லை. தேவைப்பட்டது கிடைத்துவிட்டது. ஷ்பிட்ஸாவைத் தொலைக்காட்சிக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஞாயிறுதோறும் செய்திக்கு முன்னால் வரத் தொடங்கினாள். இப்போது அவளுடைய தாள்கள் நெவென்காவின் மேஜைக்கே வந்தன. "உருண்டைன்னா யாரு வேணா இழுக்கலாம், கை ஆடுனாத் தெரியாது. இவ முழுக்க நேர்கோடு. உன் கைதான் வேணும்" என்றார் இயக்குநர். அது பாராட்டு. நெவென்கா வெள்ளைப் பருத்திக் கையுறையை மாட்டிக்கொண்டு, நாளெல்லாம் தன் தோளை, தன் மூக்கை, தன் கையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் குடியிருந்தது ட்ரெஷ்னியெவ்கா பகுதியில். முற்றத்துப் பிள்ளைகள் அவள் வேலைவிட்டு வரும்போது சுவரோரம் வரிசையாக நின்று வாயைப் பொத்திக்கொள்வார்கள். தோலாத்ஸ் சந்தையில் முட்டைக்கோஸ் விற்கிறவள் ஒருநாள், "ஷ்பிட்ஸாவுக்கு எதுக்குக் காசு குடுத்து வாங்கணும்? பிடுங்கிட்டு ஓடவேண்டியதுதானே" என்று சொல்ல, பக்கத்துக் கடைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். நெவென்கா சிரிப்பதையே நிறுத்திக்கொண்டாள். அதுதான் எளிதாக இருந்தது.

ஸ்லாவ்கோவை அறிமுகப்படுத்தியவள் ஸோரா. அவளுக்குத் தூரத்து உறவு. டிராம் ஓட்டுநர், மனைவியை இழந்தவன். ஞாயிற்றுக்கிழமையும் வண்டி ஓட்டியதால் ஷ்பிட்ஸாவை அவன் பார்த்ததே இல்லை. மக்ஸிமிர் பூங்காவில் ஏரியைச் சுற்றி நடந்தபோது, "நீங்க கூட்டத்துல நின்னாலும் தூரத்துலேர்ந்தே தெரியிறீங்க. எனக்கு அது பிடிச்சிருக்கு. தேட வேண்டாம் பாருங்க" என்றான். நெவென்கா அன்றிரவு அந்தப் பேச்சைப் பலதடவை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அதில் குத்தல் ஏதும் அகப்படவில்லை.

அவனுக்கு ஆறு வயதில் ஒரு மகள். விஷ்ன்யா. முதல் தடவை அந்த வீட்டுக்குப் போனபோது பாலாடைக்கட்டி வைத்து ஷ்ட்ரூக்லிப் பலகாரம் செய்து, சூடு ஆறாமல் துணியில் சுற்றி எடுத்துப் போனாள். கதவைத் திறந்த குழந்தை அவளை ஏறிட்டுப் பார்த்தது. உடனே ஓடி அடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டது.

"அத்தைக்கு வணக்கம் சொல்லு" என்றான் ஸ்லாவ்கோ.

"அது அத்தை இல்ல. அது ரொட்டி திருடி."

"என்னடி உளர்றே?"

"பக்கத்து வீட்டுல பாத்தேன். எப்பவும் ரொட்டியப் புடுங்கிடுவா."

நெவென்கா எதையும் மறைக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்லாவ்கோ ஒரு ஞாயிறு விடுப்பு எடுத்துப் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "ஒண்ணும் உன்ன மாதிரி இல்ல" என்றான். சொல்லும்போது அவன் உதட்டோரம் துடித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினான். அது இருமல் இல்லை.

உருண்டையை எப்படிச் செய்வதென்று நெவென்காவுக்குத் தெரியும். இத்தனை வருடம் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவள் ஆயிற்றே. முடி அலங்காரக் கடைக்குப் போய் நேர்முடியைச் சுருட்டைச் சுருட்டையாக்கிப் பந்துபோல ஏற்றிக்கொண்டாள். உப்பிய கையும் வட்டக் கழுத்தும் வைத்துச் சட்டை. இடுப்பில் மடிப்புமேல் மடிப்பாகப் பாவாடை. காலையும் மாலையும் உருளைக்கிழங்கு, கிரீம் கேக். கண்ணாடி முன் நின்று கையைத் தொங்கவிட்டபடி உதட்டால் மட்டும் புன்னகை செய்யப் பழகினாள்.

"என்னடீ இது, என் வேஷத்தைத் திருடிட்டே" என்றாள் ஸோரா. ஆனால் பாவாடைக்குள் மடிப்புப் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான்.

குழந்தை முதலில் அடுப்புக்குப் பின்னாலிருந்து பார்த்தது. அடுத்த வாரம் நாற்காலிக்குப் பின்னால் வந்தது. பிறகொரு நாள், ஒரு ஷ்ட்ரூக்லியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் மூலையில் நின்று தின்றது. கோடை தொடங்கும்போது கிட்டே வந்து ஒரு விரலை அவள் தலைக்குள் விட்டுப் பார்த்தது.

"அத்தை, உங்க முடி கோழிக்குஞ்சு மாதிரி இருக்கு."

நெவென்கா மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தாள். குழந்தை மெல்ல மடியில் ஏறி உட்கார்ந்தது. அந்த எடையை அவள் நாள் முழுவதும் தொடையில் உணர்ந்துகொண்டிருந்தாள். இலையுதிர் காலத்தில் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

ராதோவான் வெளிநாட்டு விழா ஒன்றுக்குப் போய்த் திரும்பியவன், மை அறைக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டான். அவளை ஒரு சுற்று சுற்றி வந்தான்.

"பிரமாதம்! அசையாத."

"வேண்டாம். வரையாதீங்க."

"நான் எங்க வரையிறேன்? கையில பென்சில்கூட இல்ல பாரு."

பென்சில் அவனுக்கு எதற்கு. சில வாரம் கழித்து அவள் மேஜையில் வந்து விழுந்த தாள்களில், ஷ்பிட்ஸா பஞ்சுப்பொதிகளை எடுத்துத் தலையில் ஒன்று, மார்பில் ஒன்று, இடுப்பில் ஒன்று கட்டிக்கொண்டாள். நல்ல அத்தையாக உருண்டைப் பையன் வீட்டுக்குப் போனாள். பையன் அவள் மடியில் ஏறினான். அப்போது பொதி ஒவ்வொன்றாக அவிழ்ந்து விழ, உள்ளேயிருந்து முனை வெளியே வந்தது.

நெவென்கா தாள்களை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனாள்.

"ராதோவான், இது வேண்டாம்."

"ஏன், நடை சரியில்லையா?"

"ஒரு குழந்தை இருக்கு. நான் கட்டிக்கப்போறவரோட குழந்தை. இப்பத்தான் என்கிட்ட வருது."

"குழந்தைங்க பாக்கத்தானே எடுக்குறோம்?"

"அது என்னை நம்பியிருக்கு. இதப் பாத்தா என்ன நினைக்கும்?"

அவன் உண்மையாகவே யோசித்தான். நெற்றியைச் சுருக்கி, தாளைப் பார்த்து, அவளைப் பார்த்தான்.

"அப்ப அதுக்கு மத்த குழந்தைங்களவிட நல்லாப் புரியும்" என்றான். பிறகு இரக்கத்தோடு, "உனக்குக் கஷ்டமா இருந்தா வேற யாராவது இழுக்கட்டும்."

திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்தாள். ஸோரா காதருகே வந்து, "மையக் கொட்டிவிடு. தவறிப்போச்சுன்னு சொல்லலாம். நான் சாட்சி" என்றாள்.

"நாளைக்குக் கீழ்மாடிக்காரி எவளாவது இழுப்பா. கேவலமா இழுப்பா."

"கேவலமா இழுத்தா நல்லதுதானேடீ!"

நெவென்கா பேனாவை மையில் தொட்டாள். வேண்டுமென்றே ஒரு கோட்டைக் கோணலாக்கப் பார்த்தாள். கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. அது நேராகவே போனது. அந்தப் படத்தைப் போல அவள் எதையும் அத்தனை சுத்தமாக இழுத்ததில்லை என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள்.

"அந்த ஞாயித்துக்கெழம மட்டும் புள்ளைய பக்கத்து வீட்டுக்கு விடாதே" என்று ஸ்லாவ்கோவிடம் படித்துப் படித்துச் சொன்னாள். சரி சரி என்றான். அன்றும் அவனுக்கு டிராம் வேலை இருந்தது, விடுப்பு கிடைக்கவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்? நெவென்காவிடம் சொல்லாமலேயே பக்கத்து வீட்டில்தான் விட்டுவிட்டுப் போனான்.

மறுவாரம் அவள் போனபோது விஷ்ன்யா சாப்பாட்டு மேஜைக்கடியில் இருந்தாள். ஸ்லாவ்கோ நெவென்காவின் கண்ணைப் பார்க்கவில்லை.

"அப்பா, முடியப் பிடுங்குங்கப்பா! உள்ள அவ இருக்கா! உள்ள இருக்கா!"

"ஒரு வாரமாத் தூங்கல" என்றான் ஸ்லாவ்கோ மெல்ல. "படுக்கைய நனைச்சுடுறா. நான் என்ன பண்ணட்டும் சொல்லு. கொஞ்ச நாள் போகட்டும் நெவென்கா."

"எவ்வளவு நாள்?"

"அவ கொஞ்சம் பெரியவளாகட்டும்."

"எவ்வளவு பெரியவளா?"

அவன் காப்பி போடுகிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டான். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் போய்விட்டால் நல்லது என்று அவன் அங்கே காத்திருப்பது குழாய்ச் சத்தத்திலேயே தெரிந்தது.

நெவென்கா முழங்காலிட்டு மேஜைவிரிப்பைத் தூக்கினாள். "கண்ணு, நான்தான்" என்று சொல்லத்தான் குனிந்தாள். குழந்தை பாய்ந்து அவள் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தது. சுருள்கள் நீண்டு, நேராகி, முகத்தில் விழுந்தன. "பாத்தியா! பாத்தியா!" என்று கத்தியது.

அப்போது நெவென்கா அதைச் செய்தாள். கையை மெதுவாகத் தூக்கி வாயைப் பொத்தினாள். விரல்களை விரித்து, சுண்டுவிரலைச் சரியான உயரத்தில் நிறுத்தினாள். பிறகு ஷ்பிட்ஸாவின் சிரிப்பைச் சிரித்தாள். கீச்சென்று தொடங்கி அடித்தொண்டையில் முடியும் அந்தச் சிரிப்பை முழுதாக, ஒன்றும் குறைக்காமல் சிரித்தாள்.

குழந்தையின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அதன் காலடியிலிருந்து ஈரம் மரத்தரையில் பரவிக்கொண்டு வந்து அவள் பாவாடை மடிப்பைத் தொட்டது. நெவென்காவுக்கு உடம்பெல்லாம் இதமாக இருந்தது. நாளெல்லாம் கடித்த செருப்பைக் கழற்றி வீசிய மாதிரி இருந்தது. அது சில நொடிதான். அவள் எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். முதல் வளைவைத் தாண்டும்போதுதான் மேலே அந்த அலறல் கிளம்பியது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அது ஓயும்வரை அங்கேயே நின்றாள். திரும்பி ஏறவில்லை.

மறுநாள் ஸ்லாவ்கோ சீருடையோடு ஸ்டுடியோ வாசலில் நின்றிருந்தான்.

"என் புள்ளைய என்ன பண்ணினே நீ?"

"அவ எதிர்பார்த்ததைத்தான்" என்றாள் நெவென்கா.

அத்தோடு அது முடிந்தது. சுருட்டை வளர்ந்து நேராகும்வரை அவள் காத்திருக்கவில்லை. கத்தரித்து எறிந்தாள். உப்பிய சட்டைகளை ஸோராவிடம் கொடுத்தாள். கறுப்பு உடுத்தத் தொடங்கினாள்.

பிறகு வந்த வருடங்களில் அவள் மை அறைக்குத் தலைவியானாள். கோடு சற்று வீங்கினாலும் தாளைக் கிழித்து அந்தப் பெண்ணின் மடியிலேயே போடுவாள். எவளாவது அழுதால் கிட்டே போய் நின்று, மெதுவாகக் கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொள்வாள். சிரிக்கக்கூட மாட்டாள். அறை மூச்சடங்கிப் போகும். வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தால் ராதோவான் அவளைக் கூட்டிப்போய்க் காட்டுவான். அவளும் போய் அந்தச் சைகையைக் காட்டிவிட்டு வருவாள். சந்தையில் அவளைக் கண்டால் கடைக்காரிகள் இப்போது நல்ல முட்டைக்கோஸாகப் பொறுக்கிக் கொடுத்தார்கள்.

ஒருநாள் ஸோரா தன் பேனாக்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"அவன் வரைஞ்சது படம்தாண்டீ. நீ ஏன் அதுக்குள்ள போய்க் குடியேறினே?"

"வேற எங்க எனக்கு இடம் குடுத்தாங்க?"

ஸோரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியேறினாள். பேக்கரி ஒன்றில் வேலைக்குப் போய்விட்டாள். பண்டிகைக்குக்கூட வந்து பார்க்கவில்லை.

ராதோவான் பக்கவாதத்தில் விழுந்து வீட்டோடு கிடந்தபோது நெவென்காவும் ஓய்வு பெற்றிருந்தாள். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவன் போய்விடக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. மருமகள் கதவைத் திறந்து உள்ளே விட்டாள். அவன் கம்பளிக்குள் சுருண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் பாதி முகம் மட்டும் மலர்ந்தது.

"நான் உங்களுக்கு என்ன பண்ணினேன் ராதோவான்? ஏன் என்னை அப்படி வரைஞ்சீங்க?"

"எப்படி?"

"ஷ்பிட்ஸாவா."

அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் இருமல் வரும்வரை சிரித்தான்.

"உன்னையா? இல்லம்மா. நீ வேலைக்கு வரதுக்கு முன்னாடியே ஷ்பிட்ஸா இருந்தா. டிராம்ல ஒரு கிழவன் மடிச்ச குடைய ஊணிக்கிட்டு நின்னான். மேல பிடி வளைஞ்சு மூக்கு மாதிரி. கீழ கூரா முனை. மூணே கோட்டுல முடிஞ்சுது. கைதான் கெடைக்கல, அதைத் தேடிக்கிட்டிருந்தேன். கை உன்னோடது. அப்புறம் அந்த முடி. அது நல்ல யோசனை."

"எல்லாரும் நான்தான்னு சொன்னாங்களே. நீங்க ஒரு வார்த்தை இல்லேன்னு சொல்லியிருக்கலாமே."

"என்னை யாரு கேட்டாங்க? பொருத்தமா இருந்துச்சு. எல்லாரும் சந்தோஷமாச் சிரிச்சாங்க." அவன் சோர்ந்து கண்ணை மூடிக்கொண்டான். "நீயும்தானே சிரிச்சே."

மருமகள் வால்நட் கேக் கொண்டுவந்து வைத்தாள். நெவென்கா அதை மிச்சம் வைக்காமல் தின்றாள். நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். சூப் வைத்தாள், உப்புப் போட மறந்து அப்படியே குடித்தாள்.

குளிர்காலத்தில் அவன் செத்துப்போனான். அடக்கத்துக்கு அவள் போகவில்லை. அதற்கடுத்த வாரம் பத்திரிகையிலிருந்து ஓர் இளம்பெண் அவளைத் தேடி ட்ரெஷ்னியெவ்காவுக்கு வந்தாள். கூச்சத்தோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கேட்பது தப்பென்றால் மன்னிக்க வேண்டும் என்று இழுத்தாள்.

"ஷ்பிட்ஸாவை உங்களைப் பார்த்துத்தான் வரைஞ்சாருன்னு சொல்றாங்களே, நிஜமாம்மா?"

"ஆமாம். தலையிலேர்ந்து கால்வரைக்கும் நான்தான். எழுதிக்கோ" என்றாள் நெவென்கா.